ஈரக் காலுறையோடு தூங்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் பூச்சிக் கணக்கெடுப்பு முகாமுக்குச் சாமான் ஏற்றி வரும் வண்டியில் தபாலும் வந்துவிடும் என்று புறப்படும்போது சொன்னாய். அதை நம்பித்தான் எழுதுகிறேன். போனில் என்றால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் கால் விஷயம். சதுப்பு நிலத்தில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குப் பாம்பெல்லாம் அப்புறம்தான், முதல் எதிரி ஈரம். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் தோல் ஊறி வெளுக்கும், விரல் மரத்துப்போகும், பிறகு வெடித்துப் புண்ணாகிவிடும். முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்ற சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் குண்டு படாமலே நடக்க முடியாமல் போனது இதனால்தான். சாயங்காலம் திரும்பியதும் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, காய்ந்த காலுறை போட்டுக்கொள். படுக்கும்போது போடுவதற்கென்றே ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக வை. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் ஈரக் காலுறையோடு தூங்காதே.

அட்டை கடித்தால் பதறிப் பிய்க்காதே. உப்பைப் போடு, நெருப்பால் சுடு என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். கேட்காதே. அப்படிச் செய்தால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். மெலிந்த முனையில்தான் வாய் இருக்கும். நகத்தைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் நகர்த்தினால் பிடி விட்டுவிடும். அப்புறம் பருத்த முனையை அதே மாதிரி எடு. ரத்தம் சட்டென்று நிற்காது. அதன் எச்சிலில் இருக்கும் ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது, அதனால் வெகுநேரம் கசியும். அதற்குப் பயப்பட வேண்டாம், கழுவி, துணி வைத்து அழுத்திக் கட்டினால் போதும். ஆனால் திறந்த காயத்தோடு மறுநாள் தண்ணீரில் இறங்காதே. எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக நுழையும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் ‘அலைச்சல், சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதே. நீ விடுகிறவள். எதையும் முற்றிப்போகும்வரை யாரிடமும் சொல்ல மாட்டாய்.

கொசுவைப் பற்றி நான் உனக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். 1897-இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைப் பிளந்து மலேரியாக் கிருமியைக் கண்ட பாடத்தை, வகுப்புக்குப் போகுமுன் என்னிடம்தான் நடத்திப் பார்த்தாய். மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும், அதன் புழு நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும், க்யூலெக்ஸ் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும் என்று விரலால் காட்டினாய். இன்னும் மறக்கவில்லை. அப்படி நடத்தினவள் அங்கே வலை கட்டாமல் படுத்தால் நான் என்ன சொல்வது? இரவில் அனாபிலஸ் என்றால் பகலில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். முழுக்கைச் சட்டையைக் கழற்றாதே.

போன புதிதில் எவ்வளவு பேசினாய்! தட்டானின் இளம்புழுவைப் பற்றி மட்டுமே பத்து நிமிடம் குரல் பதிவு அனுப்பியிருந்தாய். வெள்ளைத் தட்டில் சேற்றைக் கொட்டிவிட்டு அசையாமல் காத்திருந்தால், குப்பை என்று நினைத்த ஒன்று நடக்க ஆரம்பிக்கும் என்றாய். கீழுதட்டை முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும், கொசுப்புழு பக்கத்தில் வந்ததும் அந்த உதட்டைக் கை மாதிரி வீசிப் பிடித்துவிடும், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் என்றாய். அது மூச்சு விடுவது பின்பக்கத்தால். ஆபத்து வந்தால் அதே வழியாகத் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு முன்னால் பாயும். சில வகைத் தட்டான்கள் இப்படி வருடக்கணக்கில் சேற்றிலேயே இருந்துவிட்டு, பறந்து திரிவது சில வாரம்தான் என்று சொல்லும்போது உன் குரலே மாறிவிட்டது. பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது. நீயும் சிரித்தாய். அதைத் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன்.

அடுத்த பதிவில் லேபிளைப் பற்றிச் சொன்னாய். ஆல்கஹால் குப்பிக்குள் போடும் சீட்டைப் பேனாவால் எழுதக்கூடாது, மை கரைந்துவிடும், பென்சிலால்தான் எழுத வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, யார் பிடித்தது. இந்த மூன்றும் இல்லாத பூச்சி எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் ஆராய்ச்சிக்குப் பிரயோசனப்படாது என்று உங்கள் குழுவின் பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். நூறு வருடம் கழித்து யாராவது அந்தக் குப்பியை எடுத்துப் பார்த்தால் உன் பெயர் பென்சிலில் இருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தையிடம் சொன்னேன். ‘வாத்தியாரம்மாவுக்கு லீவில் சேற்றில் என்ன வேலை’ என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள் இல்லையா, அதற்கும் பதில் சொல்லிவிட்டேன். 1970-க்கும் 2015-க்கும் நடுவில் உலகத்தின் ஈரநிலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. இருப்பதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணி வைக்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேரில் என் மகளும் ஒருத்தி என்றேன். தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதை அதில் இருக்கும் பூச்சியைப் பார்த்தே இவர்கள் சொல்லிவிடுவார்கள், பிராணவாயு குறைந்த சேற்றில் சிவப்புப் புழுக்கள்தான் மிஞ்சும், அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கிற மாதிரி ஒரு ஹீமோகுளோபின் என்றும் சொன்னேன். அவள் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நீ பாடம் நடத்தினால்தான் கேட்பார்கள் என்று இல்லை பாப்பா, உன் பாடத்தை யார் நடத்தினாலும் கேட்பார்கள்.

அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒன்றுமே இல்லை. பிறகு அந்த ஒரு போட்டோ. ‘அப்பா, இது ஆண்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். எந்த இடம், எந்தத் தேதி, ஒன்றும் கிடையாது. குப்பிக்குள் கிடக்கும் பூச்சிக்குக் கிடைக்கிற லேபிள்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டையான பழுப்புப் பூச்சி, முதுகு பூராவும் முட்டை, அரிசியை நட்டு வைத்த மாதிரி நெருக்கமாக. எதுவோ நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தேன், ராட்சத நீர்ப்பூச்சி வகையாம். பெண் பூச்சி முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் பொறுப்பு அவனுடையது. முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் முட்டைக்கு மூச்சு முட்டும், வெளியிலேயே இருந்தால் காய்ந்துவிடும். அதனால் மேலே வந்து முதுகை நனைத்தும் நனைக்காமலும் ஆட்டிக்கொண்டே இருக்கும். இறக்கையை முட்டை மூடிக்கொண்டிருப்பதால் அந்த நாட்களில் பறக்கவும் முடியாது. குஞ்சுகள் நீந்திப் போன பிறகுதான் வெறும் ஓடுகளைக் காலால் தள்ளி உதிர்க்கும். முட்டையைச் சுமப்பது பெண் என்றுதான் ரொம்ப காலம் எழுதி வைத்திருந்தார்களாம். 1899-இல் ஃப்ளோரன்ஸ் ஸ்லேட்டர் என்ற பெண்மணிதான் அது ஆண் என்று நிறுவினாராம். நீ ஏன் அதை எனக்கு அனுப்பினாய் என்று புரிந்தது. அம்மா போனதற்குப் பிறகு நாம் அதைப் பற்றியெல்லாம் பேசியதே இல்லை. போட்டோவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் அதே பூச்சிதான் நீரில் நிற்பவர்களின் காலைக் குத்தும் என்றும் அதே இடத்தில் போட்டிருந்தது. குத்தினால் வலி உயிர் போகுமாம். அதை வெறுங்கையில் பிடித்திருக்கிறாயே! இடுக்கி எங்கே போயிற்று? கையுறை எங்கே? அதைப் பார்த்தபோதுதான் கையையும் பார்த்தேன். மெலிந்துபோயிருக்கிறது. மணிக்கட்டு எலும்பு தெரிகிறது. மோதிரம் இல்லை. சேற்றில் வழுக்கி விழுந்துவிடும் என்று கழற்றிப் பத்திரமாக வைத்திருப்பாய். அப்படித்தான் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. விளக்குப் பொறியில் பூச்சி வருவது இரவில்தான், விடிய விடிய உட்கார வேண்டியிருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் விடிந்ததும் படுத்துத் தூங்கு. தூங்குகிறாயா?

மாப்பிள்ளை கூப்பிட்டார். அங்கே சிக்னல் கிடைக்காது என்று சொன்னேன். உண்மைதானே. நீ எப்போது திரும்புகிறாய் என்று கேட்டார், குழுவோடுதான் வருவாள் என்றேன். எந்தக் குழு என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம். உன்னிடமும் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ இன்னும் தூரமாகப் போய்விடுவாய், சதுப்பு நிலத்தைத் தாண்டிப் போக வேறு எங்கே இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தம்பிகூட ‘விடுங்கப்பா, அக்கா பார்த்துக்கொள்வாள்’ என்கிறான். விட்டுவிட்டேன்.

காலுறையைச் சொல்லிவிட்டேன் இல்லையா? சரி. இன்னும் ஒன்றுதான், இதுதான் முக்கியம். சேற்றில் அடி எடுத்து வைக்குமுன் கம்பால் குத்திப் பார். மேலே புல் மூடி இருந்தால் தரை என்று நம்பாதே. ஒரு நாள் பார்த்த பாதை மழைக்குப் பிறகு அப்படியே இருக்காது. அடியிலிருந்து குமிழி கிளம்புகிற இடத்தில் மட்கிய இலையும் தழையும் ஆழமாகக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்தக் குமிழியில் வரும் மீத்தேன் வாயுவைத்தான் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1776-இல் ஏரிச் சேற்றிலிருந்து பிடித்து எரித்துக் காட்டினார் என்று உனக்கு ஆசையாக இருக்கும், நின்று பார்க்கத் தோன்றும். தள்ளி நின்று பார். தப்பித் தவறி மாட்டிக்கொண்டால் திமிறாதே. திமிறத் திமிற இன்னும் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து, கையை விரித்து, உடம்பின் பாரத்தைப் பரப்பிக்கொள். காலை மெள்ள மெள்ள ஆட்டினால் இடுக்கில் தண்ணீர் புகுந்து சேறு இளகும். அவசரப்படக் கூடாது. ஒரு கால் வெளியே வர வெகுநேரம் ஆகலாம்.

அதோடு, கூப்பிடு. ஆள் இருக்கும் தூரத்தைத் தாண்டித் தனியாகப் போகாதே, விசில் கழுத்திலேயே தொங்கட்டும், மாட்டிக்கொண்டதும் கூப்பிடு. சின்ன வயதிலிருந்தே நீ கூப்பிட மாட்டாய். விழுந்தால் நீயாகவே எழுந்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்பாய். என் பெண் அழவே மாட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எனக்கு இனிமேல் வேண்டாம். சத்தம் போட்டுக் கூப்பிடு. எத்தனை மணியானாலும் சரி. அங்கே இருப்பவர்களைச் சொல்கிறேன், என்னையும்தான் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். என் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தம்பிக்கு வேலை மாற்றல் வரும் போலிருக்கிறது, விவரம் அவனே எழுதுவான்.

பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. உன் வகுப்புப் பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள், அந்தத் தட்டைப் பூச்சியைப் பற்றி உன் வாயால் கேட்கப் போகிறார்கள். முகாம் முடிந்ததும் உனக்கு ரயில் டிக்கெட் போட வேண்டும் என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். இப்போதே போட்டால்தான் கீழ்ப் படுக்கை கிடைக்குமாம். அந்த ஸ்டேஷனிலிருந்து இரண்டு ஊருக்கும் வண்டி இருக்கிறது, உன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும். எந்த ஊருக்கு என்று மட்டும் எழுது. அதை அனுப்பினால் போதும், காரணம் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா