சும்மா கிடக்கும் நிலமல்ல அது

அன்புள்ள செல்வம்,

மகள் தாவரவியலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். சிகாகோவிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் இவ்வளவு ஏரிக்கரையை ஏன் எதுவும் கட்டாமல் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். அது சும்மா கிடக்கவில்லை, செல்வம்.

நீ கேட்ட அந்த இடம், இண்டியானா டியூன்ஸ் என்கிற மணல்மேட்டுப் பகுதி. அங்கே மிச்சிகன் ஏரியை விட்டு உள்ளே நடக்க நடக்க நிலத்தின் வயது ஏறிக்கொண்டே போகும். கரையோரம் மாரம் என்கிற மணற்புல், அதைத் தாண்டிப் பைன், அப்புறம் ஓக் காடு. தாவரவியலாளர் ஹென்றி கௌல்ஸ் 1899இல் இதைப் பார்த்து எழுதியதெல்லாம் உன் மகளின் 'சக்சஷன்' பாடத்தில், அதாவது ஒரு தாவரக் கூட்டம் போய் அடுத்தது வருவதைப் பற்றிய பாடத்தில் வரும். அந்த மாரம் புல்லைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். மணல் மூட மூட மேலே கிளம்பி வந்து, புதிதாக வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்கிறது, மணல் வரத்து நின்றால் நலிந்துவிடுகிறது. பிட்சர் திஸில் என்று வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு முள்செடி இருக்கிறது, சில வருடங்கள் வெறும் இலையாகவே இருந்து, ஒரே தடவை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். திறந்த மணல் இல்லாவிட்டால் அந்த விதைக்கு வாழ்வில்லை.

மேடுகளுக்கு நடுவே காற்று மணலை வாரி வாரி நிலத்தடி நீர்மட்டம் வரை போய்விட்ட இடங்களில் ஈரப்பள்ளங்கள் உண்டு. ஏரி ஏறினால் நிறையும், இறங்கினால் வற்றும். மணல், ஈரம், சதுப்பு, காடு எல்லாம் இப்படி ஒட்டிக் கிடப்பதால்தான் ஏறத்தாழ 15,000 ஏக்கருக்குள் 1,100க்கும் மேற்பட்ட தாவர இனங்கள்.

இதில் ஒரு துண்டை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்து ஊரான மிச்சிகன் சிட்டியின் துறைமுகத் தடுப்புகள் கரையோர மணலை மறித்ததில், மேற்கே இருக்கும் மவுண்ட் பால்டி என்ற மணற்குன்றுக்குப் புதுமணல் வருவது குறைந்து, அந்தக் குன்று உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து மரங்களை மூடிக்கொண்டிருக்கிறது. அதே ஊரில் ஹூசியர் ஸ்லைடு என்று ஏறத்தாழ 200 அடிக் குன்று இருந்தது. கண்ணாடி செய்ய அள்ளி அள்ளியே தீர்த்துவிட்டார்கள், இப்போது அங்கே மின்நிலையம்.

மிச்சத்தைக் காப்பாற்ற டோரதி புயெல் என்ற உள்ளூர்ப் பெண்மணி 1952இல் ஆட்களைத் திரட்டினார். 1966இல் சட்டப் பாதுகாப்பு வந்தது, ஆனால் நடுவில் இருந்த அருமையான மேடுகள் அதற்குள் எஃகு ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போய்விட்டன. 2019இல்தான் தேசியப் பூங்கா என்ற பெயர்.

சரி, அடுத்த வருடம் வந்தால் மே கடைசியில் வா, லூபின் என்கிற நீலக் காட்டுப்பூ பூத்திருக்கும். மகளையும் கூட்டி வா. டியூன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

அன்புடன்,
முரளி