கைபடாமல் விழித்திருந்த கணினி

கோத்தகிரி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் நமக்கு இதுதானே பெரிய மழை. மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்ட் போச்சு, அப்புறம் இன்வர்ட்டர்தான் கதி.

பச்சைத் தேயிலை எடை போடும் ஆபீசில் கணக்கு எழுதும் தம்பி, காலையில் வந்து பார்த்தால் இன்வர்ட்டர் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தான். வைரஸ் என்றார் ஒருவர், பேட்டரியை மாற்று என்றார் இன்னொருவர். போய்ப் பார்த்தேன். 10 நிமிடத்தில் திரை அணைய வேண்டும், 30 நிமிடத்தில் கணினி தூங்க வேண்டும் என்று செட்டிங் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி முழுக்கத் திரை எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

நீ எதிரில் உட்கார்ந்திருக்கிறாயா என்று விண்டோஸுக்குத் தெரியாது. கடைசியாக ஒரு கீயோ மவுஸோ எப்போது அசைந்தது என்று மட்டும் மில்லிசெகண்ட் கணக்கில் குறித்து வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து கழிந்த நேரம் எல்லையைத் தாண்டினால், ஆள் இல்லை என்று முடிவு கட்டும். நடுவில் எது அசைந்தாலும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து.

கையை எடுத்துவிட்டு அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மயிரிழை அளவு இடதுபக்கம் நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. மேஜையில் கண்ணாடி போட்டு, அடியில் சாமி படம் வைத்திருந்தான். ஆப்டிகல் மவுஸின் அடியில் ஒரு சின்ன கேமரா, நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுத்தான் அசைவைக் கண்டுபிடிக்கிறது. வழவழப்பான கண்ணாடியில் அதற்குப் பிடிமானம் இல்லை. சும்மா இருக்கும்போதே நகர்ந்ததாக நினைத்துக்கொள்கிறது. மவுஸைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம். சொன்ன நேரத்துக்குத் திரை அணைந்தது. ஒரு பழைய காலண்டர் அட்டையைப் போட்டு அதன்மேல் மவுஸை வைத்தோம், அவ்வளவுதான்.

உன் தொல்லை இதற்கு நேர் எதிர். பேக்கப், அதாவது ஃபைல்களை நகல் எடுத்து வைக்கும் வேலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி தூங்கிவிடுகிறது என்கிறாய். டிஸ்க் எவ்வளவு வேலை செய்தாலும் அது மவுஸ் அசைவாகக் கணக்கில் வராது. "நான் முடிக்கும்வரை தூங்காதே" என்று அந்த புரோகிராமே விண்டோஸிடம் கேட்க வேண்டும். வீடியோ பிளேயர்கள் இப்படிக் கேட்பதால்தான் படம் பார்க்கும்போது திரை அணைவதில்லை. பேக்கப் ஓடும்போது, கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, ரெக்வஸ்ட்ஸ் (powercfg /requests) என்று ஆங்கிலத்தில் அடி. டிஸ்ப்ளே, சிஸ்டம் என்று தலைப்புகள் வரும். யார் கேட்டிருக்கிறார்களோ அவர்கள் பெயர் அதனடியில் இருக்கும். உன் பேக்கப் பெயர் இல்லை என்றால் அது கேட்கவே இல்லை. அன்றைக்கு மட்டும் தூங்கும் நேரத்தை 'நெவர்' என்று மாற்றி வை, முடிந்ததும் பழையபடி ஆக்கிவிடு. சும்மா இருக்கும் கணினி தூங்காமல் அடம்பிடித்தாலும் இதே பட்டியலைப் பார்க்கலாம். பல சமயம் ஏதோ ஒரு ஆடியோ உட்கார்ந்திருக்கும்.

மவுஸைத் தானாக ஆட்டிவிடும் புரோகிராம் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்ப்பா. ஆள் இல்லாத நேரத்தில் திரை பூட்டிக்கொள்வதும் இதே கணக்கை நம்பித்தான். உன் திரையில் ஊரார் பத்திரங்கள் எல்லாம் திறந்து கிடக்கும், நீ டீ குடிக்கப் போன நேரத்தில் யார் வந்து பார்த்தாலும் தெரியாது.

பட்டியலில் என்ன வருகிறது என்று எழுது. தை பிறந்ததும் வருவதாகச் சொன்னாயே, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்