வீட்டில் சுட்ட பிஸ்கட்டும் ஒளிவிழாப் பரிசுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைகளில் நத்தாரை ஒட்டி நடக்கும் ஒளிவிழாக் காலம் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மறுபடியும் அந்தத் துண்டுக் கடிதத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். பரிசுப் பரிமாற்றத்துக்கு 500 ரூபாவுக்குக் குறையாத, கடையில் வாங்கிய, பொதி பிரிக்காத பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சென்ற வருடமும் இதே வசனம்தான். அந்த வசனத்தால் பக்கத்து வளவுப் பிள்ளை ஒன்றுக்கு நடந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பாடசாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே படிப்பிக்கும் சிலர் என்னிடம் படித்தவர்கள். அவர்களைக் குறைசொல்வது என் நோக்கம் அல்ல. வன்னிப் பாடசாலைகளில் 31 வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். டிசம்பர் மாதத்தில் ஒரு வகுப்பாசிரியருக்கு எத்தனை வேலை இருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளையின் தாய்க்கு மூன்று பிள்ளைகள், மூவரும் ஒரே பாடசாலை. வயலில் களை பிடுங்கவும், கச்சான் ஆயவும் போய்த்தான் அவர் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். மூன்று பரிசுக்கு 1500 ரூபா வேண்டும். மாரி மழை விடாமல் பெய்து இரண்டு கிழமையாக வேலை இல்லை. "அன்றைக்கு மட்டும் பிள்ளைகளை மறித்து வைக்கட்டுமா ரீச்சர்?" என்று வேலிக்கரையில் நின்று கேட்டார். வேண்டாம், பிஸ்கட் சுடுவோம், சனிக்கிழமை காலையிலேயே வாருங்கள் என்றேன்.

நத்தாருக்குக் கறுவா பிஸ்கட் சுட நான் பழகியது 1971 இல், யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில். பழக்கியவர் ஒரு கன்னியாஸ்திரி. 1658 இலிருந்து 1796 வரை இந்தத் தீவின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தருக்குக் கறுவா வணிகம்தான் பெரிது. கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 6 ஆம் திகதி வரும் புனித நிக்கலஸ் திருநாளுக்காகக் கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் சேர்த்து, மர அச்சில் பதித்து பிஸ்கட் சுடும் வழக்கம் இன்றைக்கும் அவர்கள் நாட்டில் இருக்கிறது. எங்கள் கறுவாதான் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குத் திருநாள் பலகாரமானது என்று அந்த அம்மா சொல்லித்தந்தது என் மனதில் அப்படியே நிற்கிறது.

நான் சீனிக்குப் பதில் பனங்கட்டி போடுகிறேன். அரைக் கிலோ கோதுமை மாவுக்குக் கால் கிலோ பனங்கட்டி, 200 கிராம் மாஜரின். கறுவாத்தூள் இரண்டு தேக்கரண்டி, வேர்க்கொம்புத்தூள் ஒன்று, கராம்பும் சாதிக்காயும் அரை அரை, அப்பச்சோடா அரை, உப்பு ஒரு சிட்டிகை. கறுவாவைத் தூளாக வாங்காமல் பட்டையாக வாங்கி இடிப்பது நல்லது. நல்ல கறுவா சுருட்டுப்போல மெல்லிய சுருளுக்குள் சுருளாக இருக்கும், விரலால் நெரித்தாலே நொறுங்கும். பனங்கட்டியைச் சிறிது தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடித்து, நன்றாக ஆறவிட வேண்டும். அன்றைக்கு வடித்த துணியில் மணலும் தும்பும் கறுப்பாகத் தங்கின. "இதையெல்லாமா இவ்வளவு நாளும் சாப்பிட்டோம்?" என்று மூத்தவன் கேட்டான்.

வழக்கமாக நான் ஒரு முட்டை சேர்ப்பேன். முட்டை வேண்டாம் என்றவர் அந்தத் தாய்தான். குலுக்கலில் பரிசு யாருக்குப் போகும் என்று தெரியாது, திருவெம்பாவை விரதம் பிடிக்கும் வீட்டுக்கும் போகலாம் என்றார். முட்டைக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் முதற்பால் விட்டோம். வாங்கப்போகிறவரை இவ்வளவு தூரம் நினைத்துச் செய்யும் பரிசு எந்தக் கடையில் கிடைக்கும்?

என்னிடம் மின்சாரப் போறணை இல்லை. பெரிய சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி அடுப்பில் ஏற்றி, மணல் நன்றாகச் சுட்டபின் பிஸ்கட் அடுக்கிய தட்டை உள்ளே வைத்து, தகரத்தால் மூடி, அதன்மேல் சிரட்டைத் தணல் போடுவேன். ஒரு தட்டு வேகக் கால் மணி நேரம் செல்லும். பால்மாப் பேணித் தகரத்தை வெட்டி வளைத்துச் செய்த நட்சத்திர அச்சு ஒன்று என்னிடம் உண்டு. நடுப்பிள்ளை அதை மாவில் அழுத்தி எடுப்பதும், முனை பிய்ந்தால் ஈரவிரலால் ஒட்டுவதுமாக இருந்தாள். தரம் 4 படிக்கும் பிள்ளை. ஒன்றைக்கூடப் பழுதாக விடவில்லை. மூடியைத் திறந்தபோது எழுந்த கறுவா மணம் ஒழுங்கை வரை போயிருக்க வேண்டும். தெருவால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

எடுத்தவுடன் பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். சூட்டோடு அடைத்தால் வியர்த்துப் பதம் கெட்டுவிடும். மாரிக்காலத்தில் இதில் மிகுந்த கவனம் வேண்டும். இரவு முழுவதும் ஆறவிட்டு எண்ணினோம். 81 இருந்தன. 72 ஐ மூன்று பெட்டிகளில் அடுக்கினோம், மீதியைப் பிள்ளைகள் மூவரும் பங்கிட்டார்கள். பெட்டிகளை வடலிக் குருத்தோலையில் பின்னியவரும் அந்தத் தாய்தான், மூடியோடு கூடியவை. ஒவ்வொன்றிலும் என்னென்ன சேர்த்தோம், எந்தத் திகதியில் சுட்டோம் என்று துண்டில் எழுதி வைத்து, சிவப்பு நூலால் கட்டினோம். தேங்காயும் விறகும் வளவில் இருந்ததால் மூன்றுக்குமாகச் செலவு ஆயிரம் ரூபாவைத் தாண்டவில்லை.

ஒளிவிழா முடிந்த பின்னேரம் நடுப்பிள்ளை நேரே என் குசினி வாசலுக்கு வந்தாள். புத்தகப் பையைத் திறந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். "இது கடைச் சாமான் இல்லையாம் ரீச்சர்" என்றாள். நூல் நாங்கள் போட்ட அதே முடிச்சோடு இருந்தது. ஒருவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அவளுடைய பரிசு சேராததால் குலுக்கலில் பெயரையும் சேர்க்கவில்லை. அண்ணனினதும் தம்பியினதும் பெட்டிகளை அவர்களுடைய வகுப்பாசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் நான் சொல்ல வேண்டும்.

சுகாதாரத்தை நினைத்து மறுத்திருந்தால் அது நியாயமான அக்கறை. வீட்டுப் பண்டத்தில் கச்சான் சேர்ந்திருக்கலாம், சில பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதற்காகத்தான் துண்டு எழுதி வைத்தோம். ஆனால் பாடசாலைக் கடிதத்தில் சுகாதாரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்தது விலை மட்டும்.

2008 நத்தாருக்கு நாங்கள் இடம்பெயர்ந்து விசுவமடுவில் தறப்பாளின் கீழ் இருந்தோம். முட்டை இல்லை, மாஜரின் இல்லை. நிவாரண மாவைச் சீனித் தண்ணீரில் குழைத்து, என் பையில் மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் கறுவாவைக் கல்லில் இடித்துப் போட்டு, தகரத் தட்டில் சுட்டேன். சரியாக வேகவுமில்லை. சுற்றியிருந்த தறப்பாள்களில் 14 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இப்போது தாதியாக வேலை செய்கிறாள். என்னைக் கண்டால் அந்தக் கறுவா வாசத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவாள். அன்றைக்கு அதற்கு யாரும் விலை கேட்கவில்லை.

நத்தாருக்கு எங்கள் வீட்டுப் பலகாரத் தட்டு சைவ வீடுகளுக்குப் போவதும், தைப்பொங்கலுக்கு அந்தத் தட்டில் பொங்கல் வருவதும் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. வீட்டில் செய்தது பரிசாகாது என்று பிள்ளைகளுக்குப் பாடசாலையே சொல்லிக்கொடுத்தால், இன்னும் பத்து வருடத்தில் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போக அவர்கள் வெட்கப்படுவார்கள்.

அதிபர்களிடம் நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. கடிதத்திலிருந்து விலையை எடுத்துவிடுங்கள். கையால் செய்ததையும் கொண்டுவரலாம் என்று ஒரு வரி சேருங்கள். உண்ணும் பொருளாக இருந்தால், சேர்த்தவற்றையும் செய்த திகதியையும் எழுதிவரச் சொல்லுங்கள். உணவே வேண்டாம் என்று முடிவெடுத்தால், கடை பிஸ்கட்டையும் சேர்த்தே நிறுத்துங்கள். பின்னிய பெட்டியையாவது வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரையும் குலுக்கலிலிருந்து எடுக்காதீர்கள்.

பக்கத்து வளவில் குருத்தோலை வெட்டி வாட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வருடமும் பின்னுவதா என்று அந்தத் தாய் நேற்றுக் கேட்டார். மூன்று பெட்டி பின்னச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
முல்லைத்தீவு மாவட்டம்.