உள்பெட்டிக்கு வரும் அன்பு

அன்புள்ள கண்மணி,

பதின்வயதுப் பிள்ளைகளோடு வேலை பார்க்கப் போகிறாய். அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தீவிரவாதம் இணையத்தில் கொடி பிடித்துக்கொண்டு வராது. முதலில் ஒரு மீம் வரும். ஒரு சமூகத்தையே பூச்சியாகவோ நோயாகவோ வரைந்திருப்பார்கள். கேட்டால் "சும்மா ஜோக்" என்று நழுவிவிடலாம். அதற்குக் கீழே யார் மனக்குறையைக் கொட்டுகிறார்கள் என்று, கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு உள்பெட்டியில் செய்தி வரும்: "உன் கோபம் எனக்குப் புரியுது தம்பி." கொள்கையைப் பற்றி மூச்சே விடமாட்டார். பரீட்சை, வீட்டுச் சண்டை, தூக்கம் எல்லாம் விசாரிப்பார். நம்பிக்கை வந்ததும் டெலிகிராமிலோ டிஸ்கார்டிலோ ஒரு மூடிய குழுவுக்கு அழைப்பார். "வீட்டில் சொல்லாதே, அவங்களுக்குப் புரியாது" என்ற பேச்சு வந்துவிட்டால், அதைவிடப் பெரிய எச்சரிக்கை எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒரு சின்னத்தையோ எமோஜியையோ மட்டும் வைத்து யாரையும் முடிவுகட்டாதே. பழைய நண்பர்களை உதறுவது, கொலைகாரர்களை மாவீரர் என்பது, "இனிப் பேசிப் பயனில்லை" என்பது எல்லாம் சில வாரங்களுக்குள் சேர்ந்து வந்தால் கவனி.

தாக்குதல் வீடியோ எதையும் பகிராதே, கண்டிப்பதற்காகக்கூட. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் ஒருவன் சுட்டதில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். தாக்குதலை அவன் ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். அந்த நேரலையை அப்போது பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் அந்த நிறுவனம் நீக்கிய பிரதிகள் சுமார் 15 லட்சம். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஹாஷ் என்ற டிஜிட்டல் கைரேகை எடுத்துத்தான் பிரதிகளைத் தடுக்கிறார்கள். ஓரத்தை வெட்டினாலோ, ஓடும் திரையைக் கைபேசியில் படமெடுத்து ஏற்றினாலோ அந்தக் கைரேகை பொருந்தாமல் போகலாம். அந்த ஒரு வீடியோவுக்கே 800க்கும் மேற்பட்ட மாற்று வடிவங்கள் பிடிபட்டன.

கண்ணில் பட்டால் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம் குறித்துக்கொள். வீடியோவை இறக்கி வைக்காதே. சில நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். செயலிக்குள்ளேயே புகார் செய். இடமும் நாளும் குறிப்பிட்ட மிரட்டல் என்றால் முதலில் போலீஸ், பிறகுதான் புகார்ப் பொத்தான்.

பிள்ளையிடம் பேசும்போது கொள்கையோடு மல்லுக்கு நிற்காதே. அதற்கான பதில்களைக் குழுவிலேயே பாடமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். "ராத்திரி தூக்கம் வராதப்போ யார்கிட்ட பேசுவே?" என்று கேள். பதில் வர நாளாகும். கைபேசியை மட்டும் பிடுங்கிவிடாதே, "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்று அந்த ஆள் சொல்லக் காத்திருப்பான்.

அன்புடன்,
அப்பா