சித்தப்பாவும் சிக்கரியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சைதாப்பேட்டையில் உள்ள நமது காப்பித்தூள் கடையின் கல்லாவில் அமர்ந்து உங்களை வரவேற்றுவந்த எங்கள் சித்தப்பா, சென்ற மாதம் மாரடைப்பால் காலமானார். செய்தி அறிந்து வீடு தேடி வந்து துக்கம் விசாரித்த அனைவருக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. கடை மீண்டும் திறந்ததிலிருந்து உங்களில் பலர் நம் கடை நாயைப் பற்றிக் கேட்பது, "சிக்கரியை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பதுதான். அதற்கான விளக்கமே இம்மடல்.

2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் மழைநீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டு நம் தெருக்களுக்குள் புகுந்தபோது, சித்தப்பா பச்சைக் கொட்டை மூட்டைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சந்தில் தள்ளுவண்டி ஒன்றின்மேல் நின்று ஒரு நாட்டு நாய்க்குட்டி கத்துவது கேட்டதும், மூட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். நனைந்த மூட்டைகள் வீணாயின. "கொட்டை குடகிலிருந்து மறுபடி வரும், இவன் வருவானா?" என்றார். காப்பியில் கலந்த சிக்கரி வேர்த்தூளைப் போல இவனையும் இனி நம் வீட்டிலிருந்து பிரிக்க முடியாது என்று சொல்லி, அப்பெயரை வைத்தவரும் அவர்தான்.

பெயர் வைப்பது அவருக்குப் பிடித்த விளையாட்டு. "எண்பது இருபது மாமி", "பீபெர்ரி சார்" என்று, வாங்கும் தூளை வைத்து அவர் அழைத்தவர்கள் இம்மடலைப் படிக்கும்போது தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். காணும் பொங்கலன்று கடையைப் பூட்டிவிட்டு, அத்தை, பெரியம்மா வீடுகள் உட்பட எல்லாரையும் வேனில் ஏற்றி, புளியோதரைத் தூக்குகளுடன் மெரினாவுக்கு அழைத்துச் சென்று, பேரப்பிள்ளைகளோடு மணலில் கபடி ஆடுவார். கூட்டத்தில் சிக்கரி மிரளுவான் என்பதால், அவனை மட்டும் முந்தின நாள் விடியற்காலையில் ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக்கொண்டு பெசன்ட் நகர்க் கடற்கரைக்குக் கூட்டிச் சென்று வருவார்.

சிக்கரி கடையிலேயே இருப்பான். சித்தப்பாவின் மகன் அவனுடைய பொறுப்பை ஏற்றுக்கொண்டுள்ளார். 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பின் காப்பகத்தில்தான் சித்தப்பா அவனுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்வித்தார். காதோரத்தில் நீங்கள் பார்க்கும் சிறு வெட்டு அதற்கான அடையாளமே தவிர, காயம் அன்று. ஆண்டுதோறும் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறாமல் தொடரும். நாய் என்றால் அஞ்சுபவர்கள் வாசலில் நின்று குரல் கொடுத்தால், தூளை அங்கேயே கொண்டுவந்து தருவோம்.

ஒரு வேண்டுகோள். அன்பினால் கூட அவனுக்குச் சாக்லேட், உலர்திராட்சை, காப்பி எதையும் தராதீர்கள். காஃபினும், சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினும் நாயின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, வலிப்பு வரை கொண்டுபோகும். உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அரைவை இயந்திரத்தின் அடியில் சிதறும் கொட்டைகளைச் சித்தப்பா மணிக்கொரு முறை சிறு துடைப்பத்தால் கூட்டி அள்ளியது இதற்காகத்தான். தொழிலில் அவர் காட்டிய சுத்தம் என்று பலர் மெச்சியதில் பாதி, இந்த நாயின் மேல் வைத்திருந்த பாசம். அந்தத் துடைப்பம் இப்போது இயந்திரத்தின் அருகிலேயே மாட்டப்பட்டுள்ளது. வறுக்கும் தம்பிகளுக்கும் சொல்லிவிட்டோம்.

உங்கள் வீட்டுக் கலவை விகிதங்களில் பெரும்பாலானவை சித்தப்பாவின் கையெழுத்தில் கணக்குப் புத்தகத்தில் உள்ளன. ஆனால் நெடுநாள் வாடிக்கையாளர்கள் சிலருடையதை அவர் மனத்திலேயே வைத்திருந்தார். சிக்கரித் தூளின் விழுக்காடு பொட்டலத்தின் மேல் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், பழைய பொட்டலம் இருந்தால் அடுத்த முறை வரும்போது எடுத்துவாருங்கள். பிளாண்டேஷன், பீபெர்ரி ஆகிய கொட்டை வகைகள் இரண்டையும் எந்த அளவில் சேர்த்தார் என்பது நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள். குறித்துக்கொண்டு அவ்வாறே அரைத்துத் தருவோம்.

காணும் பொங்கலன்று வழக்கம்போல் கடைக்கு விடுமுறை.

இப்படிக்கு,
கடைக் குடும்பத்தார்