பட்ஜி வாங்கிவிட்டுத் தூக்கமில்லாமல் இருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பட்ஜி என்கிற அந்தக் குட்டிக் கிளி வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. அதற்குள் "பாவம் பண்ணிவிட்டேனோ" என்று எழுதியிருக்கிறாய். மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, கையை நீட்டினால் பதறிக் கம்பியில் மோதுகிறது, சத்தமே இல்லை, பேசாமல் திறந்து விட்டுவிடட்டுமா என்கிறாய்.

விட்டுவிடாதே. பட்ஜியின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. 1840இல் ஜான் கூல்டு என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு, எத்தனையோ தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்துவரும் பறவை இது. வெளியே இரை தேடவோ, பருந்தையும் பூனையையும் கண்டு ஒதுங்கவோ அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டால் உன் மனம் ஒரு மணி நேரம் லேசாகும். பறவை சில நாளில் பட்டினியிலோ வேறொரு விலங்கின் வாயிலோ போய்ச் சேரும்.

குற்ற உணர்ச்சி வருவதில் தப்பில்லை. பொறுப்பு உறைக்கிறவர்களுக்குத்தான் அது வரும். ஆனால் அந்த உணர்ச்சியின் வேகத்தில் செய்கிற காரியங்களால்தான் புதிதாக வளர்ப்பவர்களின் பறவைகள் பெரும்பாலும் அவதிப்படுகின்றன.

முதலில் அந்த அசையாமை. பட்ஜி இரையாகிற இனம். ஆபத்து என்று தோன்றினால் உறைந்துபோய் நிற்பதுதான் அதன் தற்காப்பு. பயந்த பறவையின் இறகு உடம்போடு ஒட்டியிருக்கும், கழுத்து நிமிர்ந்திருக்கும், கண் அகலத் திறந்திருக்கும். நீ அறையை விட்டுப் போனதும் சாப்பிடும். நோய்ப்பட்ட பறவை வேறு மாதிரி: நாள் முழுக்க இறகைப் பந்துபோல உப்பி வைத்திருக்கும், கூண்டின் தரையில் போய் உட்காரும், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும், ஆசனவாய்ப் பகுதி ஈரமாக ஒட்டியிருக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே பறவை மருத்துவரிடம் போ. பறவைகள் நோயை முடிந்தவரை மறைக்கும். வெளியே தெரிகிறது என்றால் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம்.

சாப்பிடுகிறதா என்பதைக் கிண்ணத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. பட்ஜி தானியத்தை உரித்து உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலே உமி நிறைந்திருக்க, கிண்ணம் ரொம்பியிருப்பதாக நினைத்துப் பறவையைப் பட்டினி போட்டவர்கள் உண்டு. தினமும் உமியை ஊதிவிட்டுப் பார். அதைவிட நம்பகமானது எடை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். பட்ஜி பழகியதும் தராசின் மேல் ஒரு குச்சியை வைத்து, காலையில் தீனிக்கு முன்னால் எடை பார்த்து எழுதி வை. பெரும்பாலும் 30 முதல் 40 கிராம் இருக்கும். 35 கிராம் பறவை மூன்றரை கிராம் குறைந்தால் அது பத்து சதவீதம். காத்திருக்காமல் மருத்துவரைப் பார்.

பாசத்தை உடனே காட்ட வேண்டும் என்று கையை உள்ளே விட்டுத் துரத்திப் பிடிக்காதே. முதல் வாரம் தீனிக்கும் தண்ணீருக்கும் மட்டும் கை போகட்டும். மற்ற நேரம் கூண்டருகே உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசு, படி. பிறகு தினைக்கதிரைக் கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டு. அதைத் தயங்காமல் கொத்தத் தொடங்கியதும் கதவு வழியாக உள்ளே நீட்டு. அடுத்து, கதிரைப் பிடித்தபடி விரலைக் காலுக்குச் சற்று மேலே அடிவயிற்றருகே வை, ஏறிக்கொள்ளும். ஐந்து பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. உடல் விறைத்தால் ஒரு படி பின்வாங்கு. சில பறவைக்கு வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள். அதை உன் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதே.

மருந்து கொடுக்கவோ நகம் வெட்டவோ பிடித்தே ஆக வேண்டிய நேரமும் வரும். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்கும் தசை) கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை அழுத்தாமல், மெல்லிய துணியால் தலையின் இரு பக்கமும் விரல் வைத்துத் தாங்கிப் பிடி.

செல்லம் என்று தினைக்கதிரை நாள் முழுக்கத் தொங்கவிடாதே. பழக்குவதற்கு மட்டும் அது. வெறும் தானியத்திலேயே வாழும் பட்ஜிக்கு வைட்டமின் ஏ குறையும், ஈரலில் கொழுப்பு சேரும். பறவைகளுக்கான பெல்லட் (சத்துகளைக் கலந்து சிறு உருண்டைகளாக்கிய தீனி), துருவிய கேரட், கீரை என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்று, சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கக் கணவாய் ஓடு ஒன்றைக் கட்டி வை. மாற்றும் நாள்களில் எடையைத் தவறாமல் பார், பட்டினி போட்டு மாற்றாதே. அவகாடோவும் சாக்லெட்டும் விஷம். முதுகைத் தடவாதே, இணை சேரும் உந்துதலை அது கிளப்பும், பெண் பறவை ஓயாமல் முட்டையிடும். தலையும் கழுத்தும் போதும்.

கூண்டு உறுத்துகிறது என்றால் கூண்டைச் சரி செய். உயரத்தைவிட நீளம் முக்கியம், பட்ஜி கிடைமட்டமாகப் பறக்கும். கம்பி இடைவெளி 1.2 செ.மீக்கு மேல் வேண்டாம், தலை சிக்கும். ஒரே அளவில் வழவழப்பான குச்சிகளை எடுத்துவிட்டு, தடிமன் மாறி மாறி வரும் மரக்கிளைகளை வை. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் பாதத்தில் புண் வரும். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும்.

பழகியபின் தினமும் வெளியே விடு. சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடிகளைத் திரையால் மூடிய பிறகு. கூண்டுக்குள் இருந்தாலும் நான்ஸ்டிக் பாத்திரம் அதிகம் சூடாகும் வீட்டில் பறவை பாதுகாப்பாக இல்லை. அந்தப் புகை நிமிடங்களில் கொல்லும். அந்தப் பாத்திரங்களை வீட்டை விட்டே அனுப்பிவிடு. வாசனைத் தெளிப்பான், சிகரெட் புகை, ஊதுபத்தி எதுவும் அதே அறையில் வேண்டாம்.

கடைசியாக, தனியாக இருக்கிறதே என்று இன்னொன்று வாங்கட்டுமா என்கிறாய். பட்ஜி கூட்டத்தில் வாழும் பறவை, துணை நல்லதுதான். வேலைக்குப் போய் நாள் முழுக்க வீடு பூட்டியிருக்கும் உனக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம். முதல் பறவை உடல் தேறி, எடை நிலைத்து, மருத்துவர் ஒருமுறை பார்த்த பிறகு வாங்கு. நோய் தொற்றாமல் இருக்க, வந்ததை வேறு அறையில், வேறு கிண்ணங்களோடு குறைந்தது 30 நாள் தனியாக வை. ஒவ்வொரு நாளும் பழைய பறவையை முதலில் கவனித்துவிட்டுப் புதியதிடம் போ. திரும்பும்போது கையைக் கழுவு. அதற்குப் பிறகு இரண்டு கூண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்.

அன்புடன்,
அக்கா