காட்பாடி பொதுப் பட்டறைக்கு உங்கள் கை வேண்டும்

வேலூரிலும் வெளியூரிலும் கடல் கடந்தும் இருக்கும் வட ஆற்காட்டு உறவுகளுக்குப் பட்டறைக் குழுவின் வணக்கம்.

காட்பாடியில் ஓடாமல் கிடந்த பழைய அரிசி ஆலை ஒன்றை ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறோம். கலையைத் தொழிலாக நடத்த நினைக்கும் நம் பிள்ளைகள் சேர்ந்து வேலை செய்ய, அதைப் பொதுப் பட்டறையாக மாற்றி வருகிறோம். கூரை மாற்றியாகிவிட்டது. மீதி வேலைக்கு 9 லட்சம் ரூபாய் வேண்டும்.

1989-இல் வட ஆற்காடு பிரிந்தது. 2019-இல் வேலூரும் மூன்றானது. கலைக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது. கரிகிரி மண்பாண்டம், ஆரணிப் பட்டு, குடியாத்தம் கைத்தறி, செய்யாறு பக்கத்துக் கூத்து, பம்பை, வாணியம்பாடி உருதுக் கவிதை எல்லாம் பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், இதை வைத்துப் பிழைக்கலாம் என்று கிளம்பும் பிள்ளைக்கு உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம் இல்லை.

எங்களிடம் வந்த ஒரு பெண்ணுக்கு வயது 24. அப்பா கூத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் செய்பவர். அதற்குக் கல்யாண முருங்கை மரம்தான் எடுப்பார்கள். விடிய விடியத் தலையிலும் தோளிலும் சுமந்து ஆட வேண்டுமே, மரம் லேசாக இருக்க வேண்டும். செதுக்கி, வண்ணக் காகிதம் ஒட்டி, கண்ணாடிச் சில்லு பதிப்பார்கள். அதே வேலையை இந்தப் பெண் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, சுவரில் மாட்டுகிற மாதிரி செய்கிறார். கர்ணனின் கிரீடம் ஒன்றை மேசைமேல் வைத்தார். நகக்கண் அளவுச் சில்லுகள், ஒன்றுகூடக் கோணல் இல்லை. கொலு சமயத்தில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள். ஆனால் வீடு ஒற்றை அறை. மரத்தூள் சோற்றில் விழுகிறது. மழை பிடித்தால் பசை காய்வதில்லை, சொன்ன தேதி தவறிவிடுகிறது.

கடன் வாங்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் 25 சதவீத மானியமும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் அதற்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். புதுத் தொழில் தொடங்குவோருக்கான அரசு அமைப்பு ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் நிதிக்கு முதலில் நிறுவனமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முந்தைய படியைத்தான் நாங்கள் கட்டுகிறோம். விற்கிற மாதிரி ஒரு பொருள், திரும்பி வருகிற நாலு வாடிக்கையாளர், ஒரு வருடக் கணக்கு. இவை கையில் இருந்தால் பாங்கில் தைரியமாகப் போய் உட்காரலாம்.

சிலருக்குக் காசு இருந்தாலும் இடம் கிடைப்பதில்லை. பறையும் பம்பையும் பழகும் பிள்ளைகளிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. எங்கள் குழுவிலேயே இருக்கும் திருநங்கை ஓவியர் அட்வான்ஸ் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தார். கூத்தில் பெண் வேடத்தையும் காலங்காலமாக ஆண்களே கட்டி வந்தார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடிக் காட்டினார்கள். அப்படியும் நம் பக்கத்தில் ஒரு பெண் சொந்தமாக ஜமா, அதாவது கூத்துக் குழு, தொடங்க நினைத்தால், ஒத்திகைக்கு இடம் தேடியே ஓய்ந்துபோகிறார்.

அதனால் பட்டறையில் பாதி இடம் பெண்களுக்கும் திருநர்களுக்கும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோம். சாதி கேட்க மாட்டோம். விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. தமிழிலோ உருதுவிலோ தெலுங்கிலோ வந்து பேசி, செய்த வேலையைக் காட்டினால் போதும். ஆறு மாதம் வாடகை கிடையாது. அப்புறம் விற்பனையில் பத்தில் ஒரு பங்கு தர வேண்டும். அது கரண்ட் பில்லுக்கும் பராமரிப்புக்கும் போகும்.

பெரிய செலவு மின்சூளைதான். மும்முனை மின் இணைப்போடு சேர்த்து மூன்றரை லட்சம் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்தவெளிச் சூளை மூட்ட முடியாது. ஈரம் காயாத பானையைச் சூட்டில் வைத்தால் வெடித்து, பல வார உழைப்பு ஓட்டாஞ்சில்லாகிவிடும். மழைக்காலத்தில் குயவர் வீட்டில் வருமானம் நின்றுபோவது இதனால்தான். ஒத்திகை அறைக்குச் சத்தம் வெளியே போகாத சுவர் இரண்டரை லட்சம். மரவேலைக் கருவிகளும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் இரண்டு லட்சம். கழிப்பறைகளுக்கு ஒரு லட்சம்.

500 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. 80ஜி பதிவு இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே இப்போதைக்கு வருமான வரிச் சலுகை இருக்காது. வரவு செலவை மாதாமாதம் பட்டறை வாசலில் ஒட்டுவோம். எவ்வளவு கொடுத்தாலும் எல்லார் பெயரும் ஒரே எழுத்தளவில்தான் வரும். யாருக்கு இடம் என்பதில் நன்கொடையாளர் சிபாரிசை ஏற்க மாட்டோம். இதைக் கோபித்துக்கொள்ளாமல் புரிந்துகொள்ளுங்கள்.

பணமாகத் தர முடியாதவர்கள் பொருளாகவும் தரலாம். ஓடுகிற நிலையில் உள்ள தையல் மிஷின், மர மேசை, இரும்பு அலமாரி, மின்விசிறி எதுவானாலும் சரி. ஜிஎஸ்டி கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவி. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க குழுவினர் ஆலையிலேயே இருப்போம். நேரில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டே கொடுங்கள்.